குழாயில் தண்ணீர் பின்னோக்கியும் ஓடும்!

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில், ஓய்வு பெற்ற பைப் பிட்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டம் என்றால் கூலியைப் பற்றிப் பேசுவார்கள், போனஸைப் பற்றிப் பேசுவார்கள், பட்டாவைப் பற்றிப் பேசுவார்கள். இந்தக் கிழவன் என்னவோ குழாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைத்தால் தப்பில்லை. முப்பத்தைந்து வருஷம் ஆலையில் குழாய் மாட்டிய எனக்கே, குழாயில் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது என்பது ஒரு சாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஓடும் என்பீர்கள். ஊர்த் தொட்டியில் மருந்து போட்டுச் சுத்தம் செய்த தண்ணீர், குழாய் வழியாக நம் குடத்துக்கு வருகிறது. ஒருவழிப் பாதை. அப்படித்தான் நாம் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை தவறு. குழாய்க்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அந்தப் பக்கத்திலிருந்து, அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு ஓடும். தெருக் குழாயில் அழுத்தம் விழுந்தால், உங்கள் வீட்டுத் தண்ணீர் தெருவுக்குத் திரும்பிப் போகும். அங்கிருந்து அடுத்த வீட்டுக் குடத்துக்குப் போகும்.

நம்பவில்லையா? விவசாயத் தோழர்களே, நீங்கள்தான் இதற்குச் சாட்சி. டிரம்மிலிருந்து டீசல் எடுக்க என்ன செய்கிறீர்கள்? ஓஸ் குழாயின் ஒரு நுனியை டிரம்முக்குள் முக்கி, மறு நுனியை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சிக் கீழே இறக்குகிறீர்கள். டீசல் தானாக மேலே ஏறி, வெளியே கொட்டுகிறது. மோட்டாரா வைத்தீர்கள்? இல்லை. முக்கிய நுனியும், கீழே இறங்கிய மறு நுனியும் இருந்தால் போதும். இதே வேலையைத் தெருக் குழாய் உங்கள் வீட்டு வாளியில் செய்கிறது. வாளிக்குள் முக்கிய ஓஸ் ஒரு நுனி. காலியாகிப் போன தெருக் குழாய் மறு நுனி. வாளியில் இருப்பது சோப்புத் தண்ணீரானால் சோப்புத் தண்ணீர் போகும். மாட்டுத் தொட்டியானால் சாணித் தண்ணீர் போகும். மருந்தடிக்கிற டிரம்மானால் பூச்சி மருந்து போகும்.

சிகாகோவில் நடந்தது

இது ஏழை ஊர்ச் சங்கதி, படிக்காத ஜனங்களின் சங்கதி என்று யாராவது சொன்னால், அவர்களுக்குச் சிகாகோவைக் காட்டுங்கள்.

1933-ம் வருஷம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பெரிய உலகக் கண்காட்சி. மே மாதம் 27-ம் தேதி தொடங்கி நவம்பர் 12-ம் தேதி வரை நடந்தது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஹோட்டல்கள் நிரம்பி வழிந்தன. காங்கிரஸ், ஆடிட்டோரியம் என்று இரண்டு பெரிய ஹோட்டல்கள். பணக்காரர் தங்கும் ஹோட்டல்கள். அங்கே தங்கியவர்கள், சாப்பிட்டவர்கள், ஊருக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து வயிற்றுக் கடுப்பில் விழுந்தார்கள். ரத்தமும் சீதமுமாகப் போயிற்று. அமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியின் வேலை அது. பல ஊர்களுக்குச் சிதறிப் போனவர்கள் ஆனதால், அந்தந்த ஊர் டாக்டர்களுக்கு இது என்னவென்றே பிடிபடவில்லை. குடல்வால் கோளாறு என்று நினைத்து வயிற்றை அறுத்த இடங்களும் உண்டு. கடைசிக் கணக்கில் நோய் கண்டவர்கள் 1,409 பேர். செத்தவர்கள் 98 பேர். டெக்சாஸ் கினான் என்ற புகழ் பெற்ற நடிகையும் அந்த நவம்பரில் இந்த நோயால்தான் இறந்தார்.

நகரத்தின் சுகாதார அதிகாரிகளுக்கு முதல் செய்தி எட்டியது ஆகஸ்டு மாதத்தில். பொது ஜனங்களுக்கு விஷயம் வெளிவந்தது நவம்பரில். அதற்குள் கண்காட்சி முடிகிற கட்டம் வந்துவிட்டது. வியாபாரம் கெட்டுப் போகும் என்று மூடி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

அதிகாரிகள் முதலில் யாரைச் சந்தேகித்தார்கள் தெரியுமா? சமையல் செய்தவனை, தட்டுக் கழுவியவனை, பரிமாறியவனை. ஹோட்டல் தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்து மலத்தைச் சோதித்தார்கள். கிருமி இருந்தவர்களை வேலையிலிருந்து விலக்கினார்கள். ஆனால் நோய் எங்கிருந்து வந்தது? என்ஜினீயர்கள் சுவரை உடைத்து, தரைக்கடியில் இறங்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது. பழைய கட்டிடம். மாற்றி மாற்றி ஒட்டுப் போட்ட குழாய்கள். சாக்கடைக் குழாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தொடர்பு ஏற்படும்படியான இணைப்புகள். அழுத்தம் குறைந்தால் கக்கூஸ் தண்ணீரையே பின்னோக்கி இழுக்கும்படி மாட்டிய சாமான்கள். குடிக்கிற தண்ணீரைக் குளிர வைத்த தொட்டிக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்த, ஒழுகுகிற சாக்கடைக் குழாய்!

நகரம் கொடுத்த தண்ணீர் நல்ல தண்ணீர். அது ஹோட்டல் வாசல் வரை நல்ல தண்ணீராகவே வந்தது. வாசலைத் தாண்டிய பிறகு, கட்டிடத்துக்குள்ளே, அது விஷமாயிற்று. பழி மட்டும் தட்டுக் கழுவியவன் தலையில்.

தீயணைத்த நாள்

இன்னொன்று சொல்கிறேன். அதே அமெரிக்காவில், வூஸ்டர் நகரத்தில் ஹோலி கிராஸ் என்று ஒரு கல்லூரி. 1969 ஆகஸ்டு 29-ம் தேதி. கல்லூரிப் பந்தாட்டக் குழு மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. கொஞ்சத் தூரத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படை வந்து தெருக் குழாயிலிருந்து தண்ணீரை இழுத்தது. மைதானத்துக் குழாயில் அழுத்தம் விழுந்தது.

அந்த மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாய்கள் தரைக்குக் கீழே, குழிப் பெட்டிக்குள் இருந்தன. குழியில் தேங்கிய தண்ணீரில் பக்கத்துக் குழந்தைகள் விளையாடுவார்கள். அவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலை. அழுத்தம் விழுந்ததும், குழித் தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிட்டது. ஆட்டக்காரர்கள் தாகத்துக்குக் குடித்த குழாயும் அதே குழாய்தான். அந்தக் குழுவில் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக 97 பேர். அவர்களில் 90 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியது. அந்த வருஷத்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள்.

தோழர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். அந்த ஊரில் இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். தீப்பிடித்தால்தான் அழுத்தம் விழும். நம் ஊரில் என்ன நிலைமை? இரண்டு நாளைக்கு ஒரு தரம், வாரத்துக்கு ஒரு தரம், அதுவும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விடுகிறார்கள். பிறகு வால்வை மூடுகிறார்கள். மூடியவுடன் என்ன ஆகிறது? மேட்டுத் தெருக் குழாயில் உள்ள தண்ணீர் பள்ளத் தெருவுக்கு வடிகிறது. மேட்டில் குழாய் காலி. காலிக் குழாய் எதையாவது உறிஞ்சும். வாளியில் முக்கிய ஓஸ் இருந்தால் அதை உறிஞ்சும். சாக்கடைக்குள் போகிற குழாயில் ஓட்டை இருந்தால் சாக்கடையை உறிஞ்சும். அங்கே தீப்பிடித்த நாளில் நடந்த விபத்து, இங்கே தண்ணீர் நிற்கிற ஒவ்வொரு நாளும் நடக்கக் கூடியது.

அழுத்தம் விழாமல் தண்ணீர் கொடு என்று கேட்பது ஆடம்பரக் கோரிக்கை இல்லை. அது சுகாதாரக் கோரிக்கை.

இந்தக் கை மாட்டிய குழாய்

இனி என் கதை. ஆலையின் பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். 1970-களின் கடைசி. எனக்கு வயது இருபத்து மூன்றோ நாலோ. ஆலையில் இரண்டு தண்ணீர். நகரசபைத் தண்ணீர் காண்டீனுக்கும் குடிக்கவும். கிணற்றுத் தண்ணீர் மற்ற வேலைகளுக்கும் கக்கூசுக்கும். கக்கூஸ் வரிசைக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. ஆட்கள் டப்பாவை முக்கி எடுத்துப் போவார்கள். திரும்பி வந்து அதே தொட்டியில் கையை அலம்புவார்கள்.

அந்தக் கோடையில் கிணறு வற்றிவிட்டது. கக்கூஸ் தொட்டிக்குத் தண்ணீர் இல்லை. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "காண்டீன் லைனில் ஒரு டீ போட்டுத் தொட்டிக்கு ஒரு இழுப்பு இழுத்து விடு. மழை வந்தால் எடுத்துவிடலாம்" என்றார். நான் இழுத்தேன். நடுவில் ஒரு கேட் வால்வும் வைத்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் ஆபீசுக்குக் கேட்கிறது என்று சொன்னார்கள். அதனால் குழாய் நுனியைத் தொட்டியின் அடிவரை இறக்கிவிட்டேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்று மேஸ்திரி தட்டிக் கொடுத்தார்.

மழை வந்தது. குழாயை யாரும் எடுக்கவில்லை. வால்வை மூடுகிற ஆளும் இல்லை.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் போயிற்று. ஸ்பின்னிங்கில் ஆள் குறைந்தது. ரீலிங்கில் குறைந்தது. கண் மஞ்சள், மூத்திரம் மஞ்சள், சோறு கண்டால் வாந்தி. ரீலிங்கில் ஒரு பெண். ஏழு மாதக் கர்ப்பிணி. காமாலை கண்ட எட்டாவது நாள் நினைவு தப்பிப் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தாள். வயிற்றுக் குழந்தையும் போயிற்று. இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள்: தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஈ என்று ஒரு வகை உண்டு, மற்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக் கொள்வார்கள், ஆனால் அது நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்க நேரலாம். அன்று எங்களுக்கு அது தெரியாது.

நிர்வாகம் என்ன செய்தது? காண்டீனில் டீயும் தண்ணீரும் கொடுத்து வந்த ஒரு அம்மாளை நிறுத்தியது. அவர் கை சுத்தமில்லையாம். அவர் ஜாதியையும் இழுத்துப் பேசினார்கள். நம் தொழிலாளர்களே சிலர் அதற்குத் தலையாட்டினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மாள் அழவில்லை. "நான் குடிச்ச தண்ணியும் அந்தத் தண்ணிதானே தம்பி" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு நாள் காலை ஷிப்டு. நகரசபைத் தண்ணீர் நின்றிருந்தது. காண்டீன் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதோடு ஒரு பீடித் துண்டு வந்து டம்ளரில் விழுந்தது.

தோழர்களே, நகரசபைத் தண்ணீரில் பீடித் துண்டு எப்படி வரும்? டம்ளரைப் பார்த்தபடி நின்றேன். காண்டீன் பள்ளத்தில் இருக்கிறது. கக்கூஸ் தொட்டி மேட்டில் இருக்கிறது. நடுவில் நான் போட்ட குழாய். நுனி தொட்டியின் அடியில். எனக்குக் கை நடுங்கியது.

சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் சங்க ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். செயலாளர் என்னைத் திட்டவில்லை. "நீ சொன்னால் உன் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்த அம்மாளின் வேலை போனது போனதுதான். இன்னும் எத்தனை பேர் சாவார்களோ தெரியாது. நீயே முடிவு செய்" என்றார். நான் சொல்கிறேன் என்றேன்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டரை வரவழைத்தோம். அன்று அமலில் இருந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் 18-வது பிரிவு குடிதண்ணீரைப் பற்றியது. குடிதண்ணீர் கொடுக்கும் இடத்தில், தொழிலாளிக்குப் புரிகிற பாஷையில் 'குடிதண்ணீர்' என்று எழுதி வைக்க வேண்டும். அது கக்கூசுக்கும் சாக்கடைக்கும் அருகில் இருக்கக் கூடாது. நிர்வாகம் போர்டைக் காட்டியது. அழகான போர்டு. காண்டீனும் கக்கூசும் தூரத்தில்தான் இருந்தன. குழாய் மட்டும் ஒன்று!

செயலாளர் கடையிலிருந்து ஒரு பாட்டில் சொட்டு நீலம் வாங்கிவரச் சொன்னார். எல்லோரும் பார்க்கக் கக்கூஸ் தொட்டியில் ஊற்றிக் கலக்கினோம். நகரசபை லைனை மூடினோம். காண்டீனுக்குப் போய்க் குழாயைத் திறந்தோம். முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் வந்தது. நீலமாக வந்தது. மானேஜர் ஒன்றும் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் இறந்தவளின் புருஷனும் இருந்தான். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

இணைப்பை அன்றே அறுத்தோம். அந்த அம்மாளை மறுபடி வேலைக்கு எடுக்க இன்னும் மூன்று மாதம் போராட வேண்டியிருந்தது. எடுத்தார்கள். போன உயிர் போனதுதான்.

இதில் எனக்கு உறுத்துவது என்ன தெரியுமா? குழாயின் நுனியைத் தொட்டி விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி வைத்திருந்தால், ஒரு சொட்டும் பின்னால் போயிருக்காது. நடுவில் வெறும் காற்று இருந்தால் போதும். காற்றை எந்தக் குழாயும் தாண்டித் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அந்தக் காற்றுக்கு ஒரு பைசா செலவு இல்லை. அதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. மேஸ்திரிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிர்வாகம் கவலைப்படவில்லை. ஆனாலும் மாட்டிய கை இந்தக் கைதான். அதனால்தான் நாற்பது வருஷத்துக்கு மேலாக, கேட்பவர் கேட்காதவர் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எந்திரத்துக்கு முதல் மரியாதை

குழாய் வழியாகக் கிருமி மட்டும் வருவதில்லை. குழாயே விஷமாவதும் உண்டு. அமெரிக்காவின் பிளின்ட் நகரம், கார் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, ஊருக்கு வந்த தண்ணீரை மாற்றி, அந்த ஊர் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். அது குழாயை அரிக்கிற தண்ணீர். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுத் தண்ணீரில் வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது.

ஜனங்கள் கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். அதிகாரிகள், தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அதே 2014 அக்டோபரில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீரால் என்ஜின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லித் தன் ஆலைக்கு வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டது. குழந்தைகள் குடித்த தண்ணீர் மாற இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. மோனா ஹன்னா அட்டிஷா என்ற டாக்டரம்மாள், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் கணக்கோடு காட்டிய பிறகே, 2015 அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்ப வந்தது. இரும்புக்குத் துரு என்றதும் கேட்ட காது, குழந்தைக்கு நோய் என்றபோது கேட்கவில்லை!

2016 ஜனவரியில் பிளம்பர் சங்கத்துத் தோழர்கள் நூற்றுக் கணக்கில் அந்த ஊருக்குப் போய், கூலி வாங்காமல் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டிகளை மாட்டிக் கொடுத்தார்கள். தொழில் தெரிந்தவன் தன் வர்க்கத்துக்குச் செய்ய வேண்டிய கடமை அது. நம் ஊர்ப் பிளம்பர்கள், பிட்டர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

இப்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டது போதும். நாளைக் காலையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாய்மார்கள் குறிப்பாகக் கவனியுங்கள். வீட்டில் ஓஸைக் கையாளுகிறவர்கள் நீங்கள்தான்.

முதலாவது: ஓஸ் நுனியைத் தண்ணீருக்குள் முக்கிப் போடாதீர்கள். வாளியோ, டிரம்மோ, தொட்டியோ, குழாய் வாய் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். இடைவெளி குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இதுதான் பிளம்பர் தொழிலின் முதல் விதி. வேலை முடிந்தால் ஓஸைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள்.

இரண்டாவது: விவசாயத் தோழர்களே, மருந்தடிக்கும் டிரம்மில் குடிதண்ணீர்க் குழாயின் ஓஸை முக்கவே முக்காதீர்கள். குடத்தில் பிடித்து ஊற்றுங்கள். பண்ணைக்காரர் அவசரப்படுத்தினாலும் முடியாது என்று சொல்லுங்கள். அந்தக் குழாய் உங்கள் குடியிருப்புக்கும் போகிறது. பூச்சி மருந்து கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. சாயமும் ஈயமும் அப்படியே. கொதிப்பது கிருமியை மட்டும்தான் கொல்லும்.

மூன்றாவது: நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்க்காதீர்கள். நடுவில் வால்வு இருக்கிறதே என்பார்கள். வால்வு தேயும். திருகியவன் மறப்பான். என் வால்வும் அப்படித்தான் இருந்தது. கலந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. நல்ல தண்ணீர் லைனை வாசலில் மூடுங்கள். அந்த லைன் குழாய்களை எல்லாம் திறந்து விடுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் வடிந்து நிற்க வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கோ திருட்டுச் சேர்க்கை இருக்கிறது. தேடி அறுங்கள்.

நான்காவது: தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். எல்லோரும் வைக்கிறார்கள், நான் வைக்காவிட்டால் எனக்குக் கிடைக்காது என்பீர்கள். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. குழாயின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் சாக்கடையை இழுக்கிறது. உங்கள் மோட்டார் இழுத்த சாக்கடை முதலில் உங்கள் குழந்தை வாய்க்குத்தான் போகும். தரைத் தொட்டியில் தானாக விழவிட்டு, அங்கிருந்து மோட்டாரில் ஏற்றுவதே முறை.

ஐந்தாவது: தண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் முங்கிப் போகக் கூடாது. தெருவில் குடிதண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் முறை. நம் லைன் வீட்டுச் சந்தே ஆறடிதான்! அதனால் குறைந்தபட்சம், தண்ணீர்க் குழாய் சாக்கடைக்கு மேலே சுவரோரமாகப் போகட்டும். குழாய் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், குடிதண்ணீருக்கான பி.வி.சி. குழாய் என்றால் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாவது: தண்ணீர் விட்டதும் முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள். குழாய் காலியாக இருந்த நேரத்தில் உறிஞ்சிய அழுக்கு அதில்தான் வரும். கொஞ்ச நேரம் விட்டு, செடிக்கும் பாத்திரத்துக்கும் ஊற்றிவிட்டு, தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள். கலங்கி வந்தாலும், நாற்றமடித்தாலும், தெருவில் வயிற்றுப்போக்கு இருந்தாலும், தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு ஆறவைத்துக் குடியுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சேர்ந்து கேட்க வேண்டியது

இவ்வளவும் ஒவ்வொரு வீடும் செய்ய வேண்டியது. ஆனால் ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் விசேஷம். நீங்கள் ஓஸை ஒழுங்காக மாட்டினாலும், அடுத்த வீட்டு வாளி உங்கள் குடத்துக்கு வரும். ஜாதி பார்த்துத் தெருவைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குழாய்க்கு அந்தப் பிரிவு தெரியாது. அதனால் தெரு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும். தெரு சேர்ந்தால் பஞ்சாயத்தையும் முனிசிபாலிடியையும் ஆலை நிர்வாகத்தையும் கேட்க முடியும்.

என்ன கேட்பது? மேல்நிலைத் தொட்டிக்கு மூடியும் பூட்டும் இருக்கிறதா, எந்தத் தேதியில் கழுவினார்கள் என்று கேளுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கிடந்தது, குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதானே தெரிந்தது? கடைசி வீட்டுக் குழாயில் மருந்து வாசனை எட்டுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சோதிக்கிற சின்னப் பெட்டி கிடைக்கிறது. தொட்டிக்காரர் அதைக் கொண்டுவந்து உங்கள் கண் முன்னால் காட்டட்டும். சாக்கடைக்குள் ஓடுகிற குழாயை எண்ணிப் பட்டியல் போட்டுக் கொடுத்து, மாற்றச் சொல்லுங்கள்.

ஆலைத் தோழர்களே, உங்கள் ஆலையில் குடிதண்ணீர் லைன் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். அதிலிருந்து சைசிங்குக்கோ, சாயத் தொட்டிக்கோ, பாய்லருக்கோ, கக்கூசுக்கோ ஒரு கிளை பிரிகிறதா? பிரிந்தால், நடுவில் காற்று இடைவெளியுள்ள தொட்டி இருக்கிறதா? 'தற்காலிகம்' என்று போட்ட குழாய் எத்தனை? குடிதண்ணீர்க் குழாய்க்கு ஒரு வர்ணம், மற்றதற்கு வேறு வர்ணம் அடிக்கச் சொல்லுங்கள். சட்டங்களின் பெயர் மாறலாம். ஆனால் சுத்தமான குடிதண்ணீர் கொடுப்பது வேலை கொடுப்பவனின் பொறுப்பு என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இளம் பிட்டர்களுக்கு ஒரு வார்த்தை. மேஸ்திரி அவசரமாக ஒரு இணைப்புப் போடச் சொல்வார். "இந்தக் குழாயில் தண்ணீர் பின்னால் ஓடினால் எங்கே போகும்?" என்று உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஒருவர் வாய்க்கு என்று வந்தால், ஸ்பானரைக் கீழே வையுங்கள். வேலை போகும் என்று பயமா? தனியாக நின்றால் போகலாம். அதற்குத்தானே சங்கம்?

கடைசியாக ஒன்று. உங்கள் ஆலையிலோ ஊரிலோ நோய் வந்து, அதற்குக் காரணம் காண்டீன் பெண்ணின் கை, துப்புரவுத் தொழிலாளியின் வாசம், சேரிக்காரரின் பழக்கம் என்று யாராவது விரல் நீட்டினால், உடனே தலையாட்டாதீர்கள். அன்றைக்குத் தலையாட்டிய கூட்டத்தில் நானும் வாய் மூடி நின்றிருந்தேன். தண்ணீரைக் குடித்து நாலு வாரம், ஆறு வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். அதற்குள் உண்மையான காரணம் மறைந்துவிடும். ஆகவே முதலில் ஒரு பாட்டில் நீலம் வாங்குங்கள். குழாயைச் சோதியுங்கள். பிறகு பேசலாம்.

இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், முற்றத்தில் வாளிக்குள் ஓஸ் முங்கிக் கிடந்தால், அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.